ஓ.ஆர்.எஸ். கரைசலில் உள்ள சர்க்கரை காலராக் கிருமிக்கும் தீனி ஆகாதா?

02.06.2024, காலை. வாசகர் கேள்வி

எங்கள் ஊரில் இரண்டு வாரமாக வயிற்றுப்போக்கு பரவியிருக்கிறது. மூன்று பேருக்குக் காலரா என்று ஆய்வகம் உறுதிசெய்துவிட்டது. என் மகனுக்கு நேற்றிலிருந்து போகிறது. நான் ஓ.ஆர்.எஸ். கலக்கும்போது, "சர்க்கரை போட்டால் பூச்சிதான் கொழுக்கும், வெறும் உப்புத் தண்ணீர் கொடு" என்று மாமியார் தடுக்கிறார். பாக்டீரியா சர்க்கரையைத் தின்று வளரும் என்று பள்ளியில் நானும் படித்திருப்பதால், என்னால் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

02.06.2024, மாலை. பதில்

சர்க்கரையைக் குறைக்க வேண்டாம். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்துக் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, பிள்ளை சோர்ந்து படுத்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். மற்ற விளக்கங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கரைசலில் சர்க்கரை இருப்பது சுவைக்காகவும் இல்லை, தெம்புக்காகவும் இல்லை. சிறுகுடலின் உட்சுவரில் எஸ்.ஜி.எல்.டி.1 என்ற புரதம் இருக்கிறது. அது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை உள்ளே எடுக்கும்போது இரண்டு சோடியம் அயனிகளையும் சேர்த்து எடுக்கும். சோடியம் போகும் வழியே தண்ணீரும் போகும். குளுக்கோசும் சோடியமும் இப்படிக் கைகோத்து நுழைகின்றன என்பதை ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் முன்வைத்தார். காலரா நச்சு, குடல் உப்பை உறிஞ்சும் வேறு வழிகளைக் கெடுத்துவிடுகிறது. இந்த வழியை மட்டும் அது தொடுவதில்லை. வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால், திறந்திருக்கும் அந்த ஒரே கதவையும் நாமே சாத்தியவர்கள் ஆவோம்.

கிருமியைப் பற்றிய உங்கள் மாமியாரின் ஐயத்துக்கு வருகிறேன். குளுக்கோஸ் கிடைக்கும்போது பாக்டீரியா மற்ற வேலைகளுக்கான மரபணுக்களை அடக்கிவைக்கும் என்பது ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் நன்கு தெரிந்த செய்தி. ஆகவே குளுக்கோஸ் கிடைத்தால் காலராக் கிருமி நச்சு சுரப்பதையும் குறைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கலாம்.

02.06.2024, இரவு

ஒரு சான்றைச் சேர்க்க மறந்துவிட்டேன். 1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் முகாம்களில் காலரா மூண்டது. மேற்கு வங்காளத்தின் எல்லையோர போங்காவ் நகரில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மஹலனோபிஸ், நரம்புவழி செலுத்தும் திரவம் தீர்ந்துபோகும் நிலை வந்ததும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட் என்ற கணக்கில் கலக்கச் செய்து, உறவினர்கள் கையாலேயே நோயாளிகளுக்குக் கொடுக்கவைத்தார். 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை கிருமியைக் கொழுக்கவைத்து நோயாளியைக் கொன்றுவிடும் என்றால், அந்த முகாமில் அது தெரிந்திருக்க வேண்டும்.

04.06.2024

முதல் நாள் மாலைப் பதிவின் கடைசிப் பத்தி தவறு. ஈ.கோலையில் படித்ததை அப்படியே விப்ரியோ காலரே என்ற காலராக் கிருமிக்குப் பொருத்திவிட்டேன். இரண்டு நாளாக மனத்தை உறுத்திக்கொண்டிருந்ததால் பழைய குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதியதற்கு நேர் எதிரானதுதான் ஆய்வகத்தில் காணப்பட்டிருக்கிறது.

சர்க்கரை இருக்கிறதா, இல்லையா என்பதைக் கிருமி எவ்வாறு அறிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். குளுக்கோசை உள்ளே இழுப்பதற்குப் பாக்டீரியாக்களிடம் ஒரு பாஸ்பேட் கைமாற்று அமைப்பு இருக்கிறது. இதை 1964இல் சால் ரோஸ்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் ஈ.கோலையில் கண்டறிந்தார்கள். பாஸ்போஈனோல்பைருவேட் என்ற மூலக்கூறிலிருந்து புறப்படும் ஒரு பாஸ்பேட், தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றிவிடுவதுபோல ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்கு மாறிச் சென்று, கடைசியில் உள்ளே நுழையும் சர்க்கரையின்மேல் போய் ஏறுகிறது. குளுக்கோஸ் வந்துகொண்டிருக்கும் வரை வரிசையின் கடைசியில் நிற்கும் புரதத்தின் கை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். குளுக்கோஸ் நின்றுவிட்டால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் பாஸ்பேட் அந்தப் புரதத்தின் கையிலேயே தங்கிவிடும். அப்படிப் பாஸ்பேட் தங்கிய புரதம் அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்ட, அந்த நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறை உண்டாக்கும். ஆக, சர்க்கரையைக் கொண்டுவரும் வண்டியே சர்க்கரை தீர்ந்த செய்தியையும் கொண்டுவருகிறது. இந்த ஏற்பாட்டை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

சைக்ளிக் ஏ.எம்.பி. தனியாக எதையும் செய்வதில்லை. சி.ஆர்.பி. என்ற புரதத்தோடு சேர்ந்து டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, சில மரபணுக்களை இயக்கும், சிலவற்றை அடக்கும். காலராக் கிருமியில் இந்த இணை நச்சை அடக்கும் பக்கத்தில் இருக்கிறது. நச்சுக்கும், குடலில் தங்குவதற்கு உதவும் மயிரிழைகளுக்கும் ஆணை கொடுக்கும் சங்கிலியின் மேல்கண்ணி ஒன்றில், தூண்டும் புரதம் அமர வேண்டிய இடத்தோடு சி.ஆர்.பி. அமரும் இடம் மேற்படிகிறது. சி.ஆர்.பி. மரபணுவை நீக்கிய கிருமிகள், வழக்கமாக நச்சு சுரக்காத வளர்ப்புச் சூழலிலும் நச்சைச் சுரந்தன என்று கேரன் ஸ்கோருப்ஸ்கியும் ரோனல்ட் டெய்லரும் 1997இல் காட்டினார்கள். எனவே தாளில் கணக்கிட்டால், குளுக்கோஸ் மிகுந்தால் சைக்ளிக் ஏ.எம்.பி. குறையும், அது குறைந்தால் நச்சின்மேல் இருக்கும் அடக்குமுறை தளரும். மாமியாரின் பக்கம் நான் நினைத்ததைவிட வலுவாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் சர்க்கரையைக் குறைக்க வேண்டாம் என்ற என் சொல்லில் மாற்றம் இல்லை. ஏன் என்பதைத் தனியாக எழுதுகிறேன்.

04.06.2024, பிற்பகல்

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் வரும் சி.ஆர்.பி.யும் இதுவும் ஒன்றா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒன்றல்ல. அறிக்கையில் வருவது அழற்சியின்போது நம் கல்லீரல் உண்டாக்கும் புரதம். இது பாக்டீரியாவுக்குள் இருக்கும் சைக்ளிக் ஏ.எம்.பி. ஏற்பிப் புரதம். எழுத்துகள் மட்டுமே ஒன்று.

05.06.2024

சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற அதே மூலக்கூறு இந்த நோயில் இரண்டு இடங்களில் வருகிறது என்பதைப் பிரித்துச் சொல்லாமல் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

கிருமியின் உடலுக்குள் அது சர்க்கரை இல்லை என்ற செய்தி. நம் குடல் உயிரணுவுக்குள் அதற்கு வேறு பொருள். காலரா நச்சின் ஐந்து சிறு கூறுகள் நம் உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஜி.எம்.1 என்ற, சர்க்கரைக் கிளை தாங்கிய கொழுப்பைப் பற்றிக்கொள்கின்றன. உள்ளே நுழையும் ஆறாவது கூறு, நம் அடினைலேட் சைக்ளேசை இயக்கும் ஜி புரதத்தைத் திறந்த நிலையிலேயே பூட்டிவிடுகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. கட்டுக்கடங்காமல் பெருக, உயிரணு குளோரைடை வெளியே கொட்ட, அதன் பின்னே தண்ணீரும் போகிறது. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர்கூட இழப்பு ஏற்படுவது இதனால்தான்.

இந்த நச்சு கிருமியிலிருந்து பிரிந்து தனித்தே வேலை செய்யும் என்பதை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே நிறுவினார். கிருமிகளை வடிகட்டி அகற்றிய வளர்ப்பு நீரை முயலின் கட்டப்பட்ட குடல் துண்டுக்குள் செலுத்தி, அதில் நீர் சுரந்து நிறைவதைக் காட்டினார். 1884இலேயே ராபர்ட் கோக் அதே நகரத்தில் கிருமியைப் பிரித்தெடுத்துவிட்டார். நச்சைக் காட்டுவதற்கு மேலும் 75 ஆண்டுகள் ஆயின. டேயின் பெயரை நம் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

முன்பு தள்ளிவைத்த காரணத்தை இங்கே சொல்கிறேன். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு தொடங்கும் நேரத்தில் நச்சு ஏற்கனவே சுரந்து, உயிரணுக்களைப் பற்றி, உள்ளே போய்விட்டது. பூட்டப்பட்ட உயிரணு கிருமியின் அடுத்த ஆணைக்காகக் காத்திருப்பதில்லை. அந்த நேரத்தில் கிருமியின் சர்க்கரைக் கணக்கைத் திருத்துவதைவிட உடலின் தண்ணீர்க் கணக்கைத் திருத்துவதே உயிரைக் காக்கும். போங்காவ் கரைசலில் இருந்த பைகார்பனேட்டையும் எண்ணிப் பாருங்கள். நச்சு மரபணுக்களை நேரடியாக இயக்கும் டாக்ஸ்-டி என்ற புரதத்தின் செயலைப் பைகார்பனேட் கூட்டுகிறது என்பது பின்னர் ஆய்வகத்தில் தெரியவந்தது. அப்படியிருந்தும் அந்தக் கரைசல்தான் அங்கே உயிர்களைக் காப்பாற்றியது.

07.06.2024

நேற்று முன்தினத்திலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. சி.ஆர்.பி. நச்சை அடக்குகிறது என்றால், சி.ஆர்.பி. இல்லாத கிருமி மிகக் கொடியதாக இருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. குட்டி எலிகளின் குடலில் அத்தகைய கிருமிகளால் சரியாகக் குடியேற முடியவில்லை. நச்சை நிறையச் சுரந்தாலும் நிலைத்து வாழத் தெரியாதவையாக அவை ஆகிவிடுகின்றன; ஏனென்றால் நீந்துவது, பலவகை உணவுகளைப் பயன்படுத்துவது, தம் எண்ணிக்கையை உணர்வது ஆகிய எல்லாவற்றுக்கும் சி.ஆர்.பி. வேண்டும். ஆகவே 4ஆம் தேதி நான் எழுதிய கணக்கைத் தாளில் போட்ட கணக்காக மட்டும் கொள்ளுங்கள். சர்க்கரை கூடினால் நோய் கூடும் என்று அதை நீட்டிவிடக் கூடாது.

எண்ணிக்கையை உணர்வதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். குவோரம் சென்சிங் என்பதை நான் எண்ணிக்கையுணர்வு என்று எழுதுகிறேன். ஒவ்வொரு கிருமியும் சி.ஏ.ஐ.-1, ஏ.ஐ.-2 என்ற சிறு மூலக்கூறுகளை வெளியே விடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அவற்றின் செறிவும் கூடுகிறது, செறிவைப் பார்த்துக் கிருமி தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது. பல நோய்க்கிருமிகள் கூட்டம் சேர்ந்தபிறகு தாக்கும். காலராக் கிருமி இதற்கு மாறானது. கூட்டம் சிறிதாக இருக்கையில் அஃப்-ஏ என்ற புரதம் ஓங்கி நின்று நச்சையும் மயிரிழைகளையும் இயக்குகிறது. கூட்டம் பெருத்ததும் ஹாப்-ஆர் என்ற புரதம் எழுந்து அஃப்-ஏவை அடக்கி, நச்சை நிறுத்தி, குடலை விட்டு வெளியேற உதவும் புரோட்டியேஸ் என்ற, புரதத்தை வெட்டும் நொதியைச் சுரக்கச் செய்கிறது. பிரின்ஸ்டனில் பானி பாஸ்லரின் குழு உட்பட இரண்டு குழுக்கள் 2002இல் இந்தத் தலைகீழ் ஒழுங்கை எழுதின. ஓட்டமாய் ஓடும் வயிற்றுப்போக்கோடு வெளியேறி அடுத்த ஆளை அடைவதுதான் இந்தக் கிருமியின் வழி என்று எண்ணும்போது, இந்த ஒழுங்கு எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

சர்க்கரையுணர்வும் எண்ணிக்கையுணர்வும் தனித்தனிக் கம்பிகள் அல்ல. சி.ஏ.ஐ.-1 உண்டாவதற்குச் சைக்ளிக் ஏ.எம்.பி.யும் சி.ஆர்.பி.யும் தேவை என்று 2007, 2008 ஆண்டுகளில் ஜார்ஜ் பெனிடெஸின் குழு காட்டியது. அதாவது, கூட்டம் எவ்வளவு பெருத்தால் அது கூட்டம் என்று கொள்ளப்படும் என்பதைக்கூடச் சர்க்கரையின் இருப்பு மாற்றிவிடுகிறது.

09.06.2024

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்தவள். சர்க்கரையை வைத்துத்தான் நாங்கள் இந்தக் கிருமியை அடையாளம் கண்டோம் என்பதை இந்த இழையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டி.சி.பி.எஸ். என்ற பச்சைநிற வளர்ப்புத் தட்டில் சுக்ரோஸ் சேர்க்கப்பட்டிருக்கும். காலராக் கிருமி அதை நொதிக்கச் செய்து அமிலம் விடும்போது, தட்டிலுள்ள சாயம் நிறம் மாறி, காலனிகள் மஞ்சளாகத் தெரியும். தட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்த உடனே படிக்க வேண்டும். மேசையில் வைத்துவிட்டால் மஞ்சள் மறுபடியும் பச்சைக்குத் திரும்பக்கூடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் காலை பத்துத் தட்டுகளை வெளியே எடுத்துவைத்துவிட்டுத் தொலைபேசிக்குப் போனேன். திரும்பி வந்து படிக்கையில் இரண்டு தட்டுகள் பச்சையாக இருந்தன; ஐயமற்ற எதிர்மறை என்று எழுதிவிட்டேன். மூத்த தொழில்நுட்பர் ஒருவர் அந்தக் காலனிகளை மறுவளர்ப்பு செய்யச் சொல்லியிருக்காவிட்டால் இரண்டு நோயாளிகளின் அறிக்கை தவறாகப் போயிருக்கும். அன்றிலிருந்து தட்டும் கையுமாக நிற்காமல் எந்த நிறத்தையும் நான் எழுதியதில்லை.

இன்னொரு சோதனை வோகெஸ்-புரோஸ்காவர். குளுக்கோஸ் ஊடகத்தில் வளர்ந்த கிருமியோடு ஆல்ஃபா-நாப்தாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்த்தால், காலராக் கிருமியின் இரு வகைகளில் எல் டோர் செந்நிறம் காட்டும், பழைய கிளாசிக்கல் காட்டாது. செந்நிறத்துக்குக் காரணம் அசிட்டாயின். குளுக்கோசைச் சிதைக்கும்போது எல்லாவற்றையும் அமிலமாக விட்டால் கிருமி தன் அமிலத்திலேயே மடியும். ஒரு பகுதியை அமிலத்தன்மை இல்லாத அசிட்டாயினாகவும் பியூட்டேன்டையோலாகவும் மாற்றினால் தப்பிக்கும். 2006இல் சாங் சன் யூனும் ஜான் மெக்கலானோசும் இரு வகைகளையும் குளுக்கோஸ் மிகுந்த ஊடகத்தில் வளர்த்தபோது, கிளாசிக்கல் வகை ஊடகத்தைப் புளிக்கவைத்துத் தானும் மடிந்தது, எல் டோர் பிழைத்தது. 1961இல் சுலவேசித் தீவில் கிளம்பிய ஏழாம் பெருந்தொற்று எல் டோருடையது. கிளாசிக்கல் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. சர்க்கரையைக் கையாளும் திறமை அதில் ஒரு பங்கு வகித்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். எனக்கும் அது ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

நான் வருடக்கணக்கில் சோதனைக் குழாயில் பார்த்த அந்தச் செந்நிறத்துக்கும் நச்சுக்கும் ஒரே காவலாளிதான். நச்சை இயக்கும் அஃப்-ஏ, அசிட்டாயின் மரபணுக்களை அடக்குகிறது. கூட்டம் பெருத்து ஹாப்-ஆர் வந்து அஃப்-ஏ ஓய்ந்ததும், நச்சு நிற்கிறது, அசிட்டாயினுக்கும் வழி திறக்கிறது. இதை 2005இல் வெளியான ஆய்வில் படித்தபோது நான் ஆய்வகத்தை விட்டு விலகியிருந்தேன். செந்நிறமான அத்தனை குழாய்களையும் வெறும் வகைப்பாட்டுக் குறியாக மட்டுமே எழுதிவைத்தேனே என்று வருந்தினேன்.

10.06.2024

7ஆம் தேதிப் பதிவுக்கு ஒரு திருத்தம். ஹாப்-ஆர் எல்லாக் காலராக் கிருமிகளிலும் வேலை செய்வதுபோல் எழுதிவிட்டேன். 2000ஆம் ஆண்டில் முழு மரபணுத்தொகுதி வெளியிடப்பட்ட என்16961 என்ற எல் டோர் கிருமியிலேயே ஹாப்-ஆர் மரபணு சிதைந்திருக்கிறது. எண்ணிக்கையுணர்வின் கடைசிக் கண்ணி அறுந்த கிருமி அது. ஆயினும் அது நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டது, நோய் உண்டாக்கக்கூடியது. ஆகவே இந்தச் சங்கிலி அறுந்தால் நோய் இல்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

13.06.2024

1992இன் இறுதியில் சென்னையில் காலரா பரவியபோது நான் பயிற்சியில் இருந்தேன். தட்டில் மஞ்சள் காலனிகள், நுண்ணோக்கியில் அதே துள்ளல், நோயாளிகளிடம் அதே அரிசிக் கஞ்சிக் கழிச்சல். ஆனால் அதுவரை காலராப் பரவல்களை உண்டாக்கிய ஓ1 வகையைத் திரளவைக்கும் எதிர்ச்சீரத்தின் துளியில் இந்தக் கிருமிகள் திரளவே இல்லை. சீரம் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிய குப்பியைத் திறந்தோம், அதிலும் திரளவில்லை. அது பின்னர் ஓ139 என்று பெயர் பெற்ற புதிய வகை. எல் டோர் கிருமிதான், மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரைத் தொடர்களின் மரபணுக்கள் மட்டும் மாற்றி வைக்கப்பட்டிருந்தன. பழைய காலராவைக் கண்டு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் அது தாக்கியதற்கு இதுவே காரணம்.

அவ்வளவு பெரிய மரபணுத் துண்டு எப்படி உள்ளே வந்திருக்கும் என்பதற்கு 2005, 2007 ஆண்டுகளில் ஸ்டான்போர்டிலிருந்து வந்த ஆய்வுகள் ஒரு வழி காட்டின. கடலிலும் கழிமுகத்திலும் இந்தக் கிருமி கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகளின்மேல் வாழ்கிறது. அவற்றின் ஓடு கைட்டின். கைட்டினோ அசிட்டைல்குளுக்கோசமின் என்ற சர்க்கரையின் நீண்ட சங்கிலி. கைட்டினை உணர்ந்ததும் கிருமி வெளியில் கிடக்கும் டி.என்.ஏ.வை உள்ளே இழுக்கும் திறனைப் பெறுகிறது. அதற்கு மூன்று நிபந்தனைகள் ஒன்றுசேர வேண்டும்: கைட்டின் இருக்க வேண்டும், எளிதில் செரிக்கும் சர்க்கரை இல்லாமல் சைக்ளிக் ஏ.எம்.பி. உயர்ந்திருக்க வேண்டும், கூட்டம் பெருத்து ஹாப்-ஆர் எழுந்திருக்க வேண்டும். மெலனி பிளோகெஷும் கேரி ஸ்கூல்னிக்கும் கைட்டின்மேல் ஓ1 கிருமியை வளர்த்து, ஓ139இன் டி.என்.ஏ.வைக் கொடுத்து, ஒரே படியில் அதை ஓ139ஆக மாற்றிக் காட்டினார்கள். இயற்கையில் இப்படித்தான் நடந்தது என்பதற்கு இது சான்று ஆகாது. இப்படி நடக்க முடியும் என்பதற்குச் சான்று. அன்று திரளாத அந்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவள் என்ற முறையில், இந்த ஆய்வை நான் இன்றும் எடுத்து எடுத்துப் படிக்கிறேன்.

16.06.2024

சர்க்கரையைச் சிதைத்த பிறகு மிஞ்சும் அசிட்டேட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பழ ஈக்களுக்குக் காலராக் கிருமியை ஊட்டி ஆராய்ந்த போலா வாட்னிக்கின் குழு, கிரப்-எஸ், கிரப்-ஆர் என்ற இரு புரதங்கள் சேர்ந்த ஓர் உணர்வமைப்பை 2014இல் விவரித்தது. அது கிருமியை வெளியே விட்ட அசிட்டேட்டை மறுபடி உண்ணும் நிலைக்கு மாற்றுகிறது. ஈயின் குடலில் அசிட்டேட் வற்றிப்போக, ஈயின் இன்சுலின் செய்தி தளர்ந்து, குடல் உயிரணுக்களில் கொழுப்பு தேங்கி, ஈ விரைவில் இறக்கிறது. அந்த அமைப்பு அழிக்கப்பட்ட கிருமியை உண்ட ஈக்கள் அதிக நாள் வாழ்ந்தன. ஈயில் கண்டதை மனிதக் குடலுக்கு நீட்ட நான் தயங்குகிறேன். ஒரு தவறு ஏற்கனவே செய்துவிட்டேன். எனினும் கிருமி எதை உண்கிறது என்பதே ஒரு தாக்குதலாக முடியலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் படித்ததில்லை.

17.06.2024

முதல் கேள்வியைக் கேட்டவர் எழுதியிருக்கிறார். மகன் நலமாக வீடு திரும்பிவிட்டான் என்று படித்து நிம்மதி அடைந்தேன். பொட்டலம் கிடைக்காத நாளில் வீட்டுச் சர்க்கரையைப் போடலாமா, அதைத்தான் தட்டில் இந்தக் கிருமி மஞ்சளாக்குகிறதே என்றும் கேட்கிறார். போடலாம். வீட்டுச் சர்க்கரையும் சுக்ரோஸ்தான். நம் குடற்சுவரிலுள்ள நொதி அதைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரித்துவிடும். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீருக்கு, தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். பிள்ளை விரும்புகிறான் என்று சர்க்கரையைக் கூட்ட வேண்டாம். கூடுதல் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். உலக சுகாதார நிறுவனம் 2002இல் பொட்டலத்தின் குளுக்கோசை லிட்டருக்கு 20 கிராமிலிருந்து 13.5 கிராமாகக் குறைத்ததும் கரைசலின் அடர்த்தியைத் தணிக்கத்தானே அன்றி, கிருமியின் தீனியைக் குறைக்க அல்ல. மாமியாரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள்.